கொடிக்காலுக்குள் ஒருத்தி

தன் புருஷனுக்கு வேறொருத்தி இருக்கிறாள் என்பதைத் தீர்த்தம்மாள் கண்ணால் பார்க்கவில்லை, காதால் கேட்டாள்.

எழுபதாம் வருஷம், ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலை. கடத்தூருக்கு வெளியே மாதேஸ்வரன் குத்தகைக்குப் பிடித்திருந்த வெற்றிலைக் கொடிக்காலுக்கு அவள் களியும் கீரைக் கடைசலும் எடுத்துக்கொண்டு போயிருந்தாள். கொடிக்காலுக்குள் எந்த நேரமும் வெளிச்சம் குறைவுதான். அகத்தி மரங்கள் நெருக்கமாக வரிசை கட்டி நிற்க, அவற்றின்மேல் வெற்றிலைக் கொடி ஏறி மூடியிருக்கும். இரண்டு வரிசைக்கு அப்பால் நிற்கிற ஆள் தெரியாது. குரல் மட்டும் வரும்.

வந்தது மாதேஸ்வரனின் குரல். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் அவள் கேட்டுவந்த குரல் அல்ல. வீட்டில் அவன் பேச்சு சோறு, தண்ணி, மாடு, குழந்தை ராமக்காள் என்பதோடு முடிந்துவிடும். கேட்டதற்குப் பதில், அதுவும் பாதி நேரம் வெறும் தலையாட்டல். இங்கே அவன் யாரிடமோ குழைந்துகொண்டிருந்தான்.

"சொல்லு கண்ணு, அப்பறம்?" என்றான். எதிரில் இருப்பவள் சொல்வதைக் கேட்பதுபோலக் கொஞ்சம் நிறுத்தினான். பிறகு சிரித்தான். "சரி ராணி. நீ சொன்னா செய்யாம இருப்பனா?"

தீர்த்தம்மாள் களி இருந்த தூக்குப்போசியைக் கையில் இறுக்கிக்கொண்டு கொடிகளை விலக்கி உள்ளே நுழைந்தாள். மாதேஸ்வரன் ஒரு மரத்தடியில் வாழைநாரும் கையுமாக நின்றிருந்தான். பக்கத்தில் யாரும் இல்லை.

"யாருகிட்ட பேசிக்கினு இருந்தீங்க மாமா?"

"யாருமில்லியே."

"பேச்சு கேட்டுதே."

"கொடி கட்டிக்கினு இருந்தன். களிய வெச்சிட்டுப் போ."

அவன் தாய்மாமன் மகன். சிறு வயதிலிருந்து தெரிந்த முகம். அந்த முகத்தில் இப்போது ஒரு பூரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. அவளைக் கண்டதும் அது மெல்ல வடிந்ததையும் அவள் பார்த்தாள். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த ஒரு சொல்தான் அவளைக் குத்திக்கொண்டே வந்தது. கண்ணு. பெற்ற மகளைக்கூட அவன் அப்படிக் கூப்பிட்டதில்லை.

ராணி யார் என்று அவள் தேட வேண்டியிருக்கவில்லை. பறித்த இலைகளைத் தரம் பிரித்து அடுக்கிக் கவுளி கட்டுவதற்குச் சில பெண்கள் கொடிக்காலுக்கு வருவார்கள். அவர்களில் ஒருத்தி ராணியம்மாள். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன புருஷன் திரும்பி வரவில்லை. நல்ல நிறம், நீளமான விரல்கள். அவள் இலை அடுக்குவதைப் பார்த்தால் சீட்டு அடுக்குவதுபோல இருக்கும். அதிகம் பேசமாட்டாள். பேசாதவர்கள்தான் இப்படிப்பட்ட காரியம் செய்வார்கள் என்று தீர்த்தம்மாள் நினைத்தாள்.

அதற்குப் பிறகு அவள் கண்ணும் காதும் புருஷனைச் சுற்றியே இருந்தன. அவன் சட்டையை முகர்ந்து பார்த்தாள். சாப்பிடும்போது தனக்குள் சிரித்தால், யாரை நினைத்து என்று வயிறு எரிந்தது. அவன் குளிக்காமல் கிடந்தபோது, ராணியைத் தொட்ட உடம்பைக் கழுவ மனசில்லை போலிருக்கிறது என்று எண்ணினாள். படுத்த பாயில் புரண்டுகொண்டே இருந்தால், அவளிடம் போக முடியாத தவிப்பு. சந்தைக்குப் போன வழியில் டீக்கடை ரேடியோவைக் கேட்டு, "நம்ம சேதியத்தான் சொல்றாங்க, வா போலாம்" என்று அவன் எழுந்து வந்தபோது, ஊர் பேசத் தொடங்கிவிட்டது என்ற பயம் அவனுக்கு வந்துவிட்டதாகப் புரிந்துகொண்டாள். எதைப் பார்த்தாலும் அது அந்த ஒருத்தியிடம் போய் முடிந்தது. 

தீர்த்தம்மாள் தலைக்கு மல்லிகை வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். அரூர் சந்தையில் வாங்கிய மாம்பழ நிறச் சேலையைச் சாதாரண நாளிலும் கட்டினாள். பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள், "என்னாடி, இன்னைக்கு எந்தக் கோயிலு?" என்று கேலி செய்தாள். மாதேஸ்வரன் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு நாள் மட்டும் உற்றுப் பார்த்தான். தீர்த்தம்மாள் தலையிலிருந்த பூவைச் சரிசெய்துகொண்டாள். அப்புறம்தான் தெரிந்தது, அவன் பார்த்தது அவள் தோளுக்குப் பின்னால் இருந்த சுவரை.

மறு வருஷம் அரசாங்கம் மதுவிலக்கை எடுத்தது. அவள் பிறந்ததிலிருந்து மலைப்பக்கம் ஒளித்துக் காய்ச்சின சாராயம்தான் அந்தப் பகுதியில் உண்டு. இப்போது அரூர் ரோட்டில் பலகை மாட்டி, பகலிலேயே கடை. மாதேஸ்வரன் முதலில் சாயங்காலம் போனான். பிறகு மத்தியானம். பிறகு கொடிக்காலுக்குப் போகும் வழியிலேயே நுழைந்துவிட்டுப் போனான்.

குடிகாரன் பெண்டாட்டி ஆனதில் தீர்த்தம்மாளுக்கு வருத்தம் இருந்தது. ஆனால் யாரிடமும் சொல்ல முடியாத இன்னொன்றும் இருந்தது. குடித்துவிட்டு வந்த நாட்களில் அவன் ராணியிடம் பேசுவதில்லை. அவள் கவனித்துப் பார்த்துவிட்டாள். குடிக்காத காலையில் கொடிக்காலுக்குள் அந்தக் குழைவுப் பேச்சு நடக்கும். குடித்துவிட்டால் அது நின்றுவிடும். வாசலில் வந்து விழுவான். அவள் மடியில் தலையை வைத்து, "தீர்த்தா, என்ன வுட்டுட்டுப் போயிடாத" என்று அழுவான். அவள் கையைப் பிடித்தபடியே தூங்கிப் போவான். வாய் நாற்றம் தாங்க முடியாது. ஆனாலும் அவள் கையை எடுக்கமாட்டாள். அந்த நேரத்தில் அவன் முழுக்க அவளுடையவன்.

சாராயம் உள்ளே போனால் ராணியை மறந்துவிடுகிறான் என்று அவள் கணக்குப் போட்டாள். ஒரு நாள் காலை அவன் கொல்லையில் நின்று காற்றைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தான். உதட்டில் அதே சிரிப்பு. மனசுக்குள்ளேயே அவளோடு பேசிப் பார்க்கிறான் என்று தீர்த்தம்மாளுக்கு ஆத்திரம் பொங்கியது. வெளியே வந்து சொன்னாள்.

"மாமா, போய் ஒரு கிளாசு குடிச்சிட்டு வாங்க."

வேலியோரம் நின்ற குள்ளம்மாள் வாயைப் பிளந்தாள். "அடிப் பாவி! எந்தப் பொம்பளையாவது புருஷன இப்பிடித் தொரத்தி வுடுவாளாடி?"

"உனக்கு என்ன தெரியும்?" என்றாள் தீர்த்தம்மாள்.

அதற்குப் பிறகும் பலமுறை அவளே அனுப்பினாள். அவனும் உத்தரவு கிடைத்தது போதும் என்பதுபோல ஓட்டமும் நடையுமாகப் போவான். 

ஆனால் சாராயம் அவனைத் தின்றது. உடம்பு வற்றி, கண் மஞ்சள் பூத்தது. வாழைநார் முடிச்சுப் போட விரல் நிற்கவில்லை. கொடிகள் கட்டாமல் தரையில் புரண்டன. நிலத்துக்காரர் ஆண்டி வந்து, "குடிய வுடு, இல்லன்னா கொடிக்கால வுடு" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். குற்றம் முழுவதையும் தீர்த்தம்மாள் ராணியம்மாள் தலையில் வைத்தாள். அவள் வராமலிருந்தால் இவன் குடித்திருக்க மாட்டான். இவன் குடிக்காமலிருந்தால் கொடி தரையில் கிடந்திருக்காது.

ஒரு நாள் காலை, இலை அடுக்கும் கொட்டகையில் பெண்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது நேரே போய் ராணியம்மாளின் கொண்டையைப் பிடித்து இழுத்தாள். அடுக்கியிருந்த இலைகள் சரிந்தன.

"எம்புருஷன்கிட்ட என்னாடி பேச்சு உனக்கு? எத்தன நாளா நடக்குது?"

ராணியம்மாள் கத்தவில்லை. தலையை விடுவித்துக்கொண்டு எழுந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"உம்புருஷன் என்கிட்ட ஒரு வார்த்த பேசினதில்ல. இவுங்களயெல்லாம் கேளு. அவுரு பேசறது மரத்துகிட்ட."

"பொய் சொல்லாத! பேரு சொல்லிக் கூப்புட்டத எங்காதால கேட்டன்."

"நானுந்தான் கேட்டன். எம்பேரச் சொல்லி யாரோ கூப்பிடறாங்களேன்னு போய்ப் பார்த்தன். அங்க யாருமே இல்ல. மரத்தப் பார்த்துச் சிரிச்சிக்கினு நிக்கறாரு. அன்னைலருந்து அந்தப் பக்கம் தனியாப் போவ எனக்குப் பயமா இருக்குது. வவுத்துப் பொழப்புக்கு வரன். உங்கிட்ட வந்து சொல்லலாம்னு எத்தனியோ தடவ நெனச்சன். சொன்னா இப்பிடித்தான் ஆவும்னு தெரியும்."

மற்ற பெண்கள் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். ஒருத்திகூட இல்லை என்று சொல்லவில்லை. தீர்த்தம்மாள் அதையும் சதி என்றே எடுத்துக்கொண்டாள். மறுநாள் முதல் ராணியம்மாள் வேலைக்கு வரவில்லை. நல்லம்பள்ளியில் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

தீர்த்தம்மாள் அன்று வீட்டை மெழுகிக் கோலம் போட்டாள். அடுத்த வாரம் நிம்மதியாக இருந்தாள். அதற்கடுத்த வாரம் களி எடுத்துக்கொண்டு கொடிக்காலுக்குப் போனாள். வரப்பில் கால் வைத்ததுமே அந்தக் குரல் வந்தது.

"எங்க போவப் போற ராணி? நீ எங்கியும் போவ மாட்ட. எனக்குத் தெரியும்."

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ராணியம்மாள் நல்லம்பள்ளியில் இருக்கிறாள். ஆனால் இவன் ராணி இங்கேயே இருக்கிறாள். அடிக்கவும் துரத்தவும் ஒருத்தி இருந்தவரை பொறாமைக்கு ஒரு இடம் இருந்தது. இப்போது அது கால் வைக்க இடமில்லாமல் அவளுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. அவளைவிட அழகா? அவளைவிடச் சின்னவளா? எதைக் கேட்பது, யாரைக் கேட்பது? பேய் பிடித்திருக்கும் என்று குள்ளம்மாள் சொன்னாள். பூசாரி வேப்பிலை அடித்தார். அன்றைக்கு மாதேஸ்வரன் குடித்திருந்தான். பூசாரி அவன் வாயை முகர்ந்துவிட்டு, "இது பேயில்லம்மா, சாராயம்" என்று விபூதியைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

கொஞ்ச காலத்தில் சாராயக் கடைகளை மறுபடி மூடிவிட்டார்கள். கடை மூடிய இரண்டாம் நாளே மாதேஸ்வரனுக்குக் கை கால் உதறியது. உடம்பெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று தேய்த்துக்கொண்டான். வேர்த்துக் கொட்டியது. அரூரில் மளிகைக் கடை வைத்திருந்த தீர்த்தம்மாளின் அண்ணன் வெங்கடாசலம் வந்து அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். அங்கே பார்த்த டாக்டர் ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, "ரொம்ப நாள் குடிச்சவங்க திடீர்னு நிறுத்தினா இப்படித்தான் வரும். குடிதான் வியாதி. அது போச்சுன்னா ஆள் தேறிடுவார்" என்றார்.

சொன்னபடியே தேறினான். நடுக்கம் நின்றது. எறும்புகள் போயின. கண்ணில் மஞ்சள் குறைந்தது. மகளைத் தோளில் வைத்துக்கொண்டு மாரியம்மன் திருவிழாவுக்குப் போனான். வெங்கடாசலம் தங்கையைப் பார்த்து, "பாத்தியா? எல்லாம் அந்தச் சாராயம் பண்ண வேல" என்றான். அவளும் நம்பினாள். அந்த ராணியும் சாராயத்தோடு சேர்ந்து ஒழிந்தாள் என்று நம்பினாள்.

ஆனால் அறுவடை முடிந்து வெயில் ஏறத் தொடங்கியபோது அவன் பேச்சு மறுபடி ஆரம்பித்தது. இந்த முறை சிரிப்பு இல்லை. ஒரு மத்தியானம் தீர்த்தம்மாள் கொடிகளுக்குள் மறைந்து நின்று கேட்டாள். உடம்பு முழுக்கப் பொறாமை நெருப்பாக இருந்தது. இன்று ஒரு முடிவு கட்டிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தாள். மாதேஸ்வரன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மண்ணில் குந்தியிருந்தான்.

"வேணாம் ராணி. அப்பிடிச் சொல்லாத. எம்பொண்ணு சின்னது... நான் கெட்டவன் இல்ல. நான் எதுக்குச் சாவணும்? ஏன் என்ன சாவச் சொல்ற?"

இத்தனை வருஷமாகத் தீர்த்தம்மாள் யாரைப் பார்த்து வெந்தாளோ, அவள் இவனைக் கொஞ்சவில்லை. சாகச் சொல்கிறாள். இவன் அவளோடு சுகமாக இருக்கிறான் என்று நினைத்திருந்தாள். இவன் அவளிடம் மாட்டிக்கொண்டிருக்கிறான்.

அவள் கூப்பிட வாயெடுப்பதற்குள் மாதேஸ்வரன் எழுந்தான். இடுப்பில் இருந்த கத்தியை உருவி, எதிரில் இருந்த கொடியை அடியோடு வெட்டினான். அடுத்த கொடியையும் வெட்டினான். "வெளிய வாடி! எங்க ஒளிஞ்சிருக்கற? வா வெளிய!" என்று கத்திக்கொண்டே வரிசை வரிசையாக வெட்டிக்கொண்டு போனான். வருஷக்கணக்கில் ஏறிய கொடிகள் பச்சைச் சேலை அவிழ்ந்ததுபோலச் சரிந்தன. கொடிக்காலுக்குள் அதுவரை பார்த்திராத வெயில் வந்து விழுந்தது.

சத்தம் கேட்டு ஆட்கள் ஓடிவந்தார்கள். ஆண்டியும் வந்தார். நாலு பேர் சேர்ந்து மாதேஸ்வரனை அமுக்கிக் கத்தியைப் பிடுங்கினார்கள்.

"மறுபடி குடிச்சிட்டான்! கட்டுங்கடா இவன!" என்று ஆண்டி கத்தினார். "மலையில காச்சறது லாரி டியூபுல அடச்சி வருதே, அத ஊத்திக்கினு வந்துட்டான்."

"குடிக்கல" என்றாள் தீர்த்தம்மாள்.

"நீ பேசாத. நீயே அனுப்பி வெச்சவதான, ஊருக்கே தெரியும்."

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் மண்ணில் கிடந்த புருஷனின் தலையை நிமிர்த்தினாள். "வாய மோந்து பாருங்க. வாங்க, நீங்களே மோந்து பாருங்க."

ஆண்டி தயங்கினார். பிறகு குனிந்து முகர்ந்தார். இன்னொருவரும் முகர்ந்தார். களி வாசனையும் வெற்றிலை வாசனையும் தவிர வேறு ஒன்றும் இல்லை. ஆண்டி நிமிர்ந்து வெட்டுப்பட்ட கொடிகளைப் பார்த்தார், கீழே கிடந்தவனைப் பார்த்தார். "அப்பறம் இது என்னாம்மா?" என்றார் மெதுவாக.

"எனக்குத் தெரியலீங்க. ஆனா குடி இல்ல. குடி மட்டும் இல்ல."

வெங்கடாசலம் ஆள் மூலம் விசாரித்து, பெங்களூரில் இதற்கென்றே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வந்தான். தர்மபுரியில் பஸ் ஏறி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் போனார்கள். மாதேஸ்வரனை இருவருக்கும் நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். அவன் வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டே வந்தான். ஆஸ்பத்திரியில் எங்கு பார்த்தாலும் கன்னடம். கடைசியில் தமிழ் தெரிந்த ஒரு டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். நடுத்தர வயது, காதில் சின்னத் தோடு, முகத்தில் அவசரம் இல்லை.

அந்த அம்மாள் மாதேஸ்வரனைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார். கதவுக்கு வெளியே நின்ற தீர்த்தம்மாளுக்கு உள்ளே அவன் குரல் கேட்டது. நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தான். கட்டிக்கொண்டு வந்தவளிடம் ஒரு தலையாட்டலோடு நிறுத்திக்கொண்டவன், முகம் தெரியாத ஒரு பொம்பளையிடம் கொட்டிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்துகொண்டு அவள் அதற்கும் பொறாமைப்பட்டாள். இந்த நேரத்திலும் இது வருகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

பிறகு டாக்டரம்மா அவளை உள்ளே கூப்பிட்டார். அரூர் ஆஸ்பத்திரிச் சீட்டைக் கையில் வைத்திருந்தார்.

"இதில் குடின்னு மட்டும்தான் இருக்கு. நீங்க சொல்லுங்க. இவர் தனக்குத்தானே பேச ஆரம்பிச்சது குடிக்க ஆரம்பிச்ச பிறகா, முன்னாடியா?"

"முன்னாடிங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க. நிறையப் பேருக்கு இது நினைவிருக்காது."

"எனக்கு இருக்குதுங்க. சாராயக் கடையே அப்ப கெடையாது. ஐப்பசி மழ வுட்டிருந்துது. நான் களி கொண்டுக்கினு போனன்." பிறகு எல்லாம் வந்தது. ராத்திரி தூங்காதது, குளிக்காதது, ரேடியோவில் தன்னைப் பற்றிச் சொல்கிறார்கள் என்றது, சுவரைப் பார்த்தது, குடித்தால் பேச்சு நிற்பது, குடிக்காவிட்டால் தொடங்குவது, ராணியம்மாள் போன பிறகும் ராணி போகாதது. டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"இவ்வளவும் எப்படிக் கவனிச்சீங்க?"

தீர்த்தம்மாள் சேலைத் தலைப்பைத் திருகினாள். "சந்தேகத்துலதாங்க."

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "உங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு நோய் இருக்கும்மா. காதில் குரல் கேட்கறது ஒண்ணு. அது மூளையில் வர்ற நோய். பேயும் இல்லை, கெட்ட நடத்தையும் இல்லை. குடி இன்னொண்ணு. அந்தக் குரல் தொல்லை கொடுக்க ஆரம்பிச்சதும், சாராயம் உள்ளே போனால் அது அமுங்குதுன்னு இவர் கண்டுபிடிச்சிருக்கார். அந்த நேரத்துக்கு அமுங்கும். தெளிஞ்ச பிறகு முன்னைவிட அதிகமா வரும். அதுக்கு மேல குடிப்பார். அப்படியே குடியும் தனியா ஒரு நோயா வளர்ந்துடுச்சு. பார்க்கிறவங்க கண்ணுக்குக் குடி மட்டும்தான் தெரிஞ்சிருக்கு. அதை நிறுத்தினதும் அடியில் இருந்தது மேலே வந்துடுச்சு."

"நான்தாங்க அனுப்பினன். குடிக்க. குடிச்சா அவகிட்ட பேசமாட்டாருன்னு."

"தெரியாமல் செஞ்சது. இப்போ தெரிஞ்சுடுச்சு. இனிமேல் ரெண்டையும் சேர்த்துப் பார்க்கணும். ஒண்ணை மட்டும் பார்த்தால் விட்ட ஒண்ணு அதையும் இழுத்துட்டு வந்துடும். மாத்திரையை நிறுத்தினால் குரல் வரும், குரல் வந்தால் குடி வரும். அதை மட்டும் மறக்காதீங்க."

சில வாரங்கள் அங்கேயே வைத்துப் பார்த்தார்கள். ஊருக்குத் திரும்பியபோது மாதேஸ்வரன் மெல்ல நடந்தான், மெல்லப் பேசினான். மாத்திரை அவன் முகத்தைக் கொஞ்சம் மரத்துப்போக வைத்திருந்தது. கை லேசாக நடுங்கியது. கொடிக்கால் கை மாறிவிட்டது. ஆண்டி அவனுக்குத் தன் மஞ்சள் காட்டில் தண்ணீர் கட்டும் வேலை கொடுத்தார்.

ஒரு சாயங்காலம் வாசலில் உட்கார்ந்திருந்தபோது தீர்த்தம்மாள் கேட்டாள்: "அவ கொரலு எப்பிடி இருக்கும் மாமா?"

"மொதல்ல நல்லாத்தான் பேசுவா. அதிகாரமாச் சொல்லுவா, மகராணியாட்டம். அதான் ராணின்னு கூப்புட்டன். அப்பறந்தான் வைய ஆரம்பிச்சா." காதைத் தடவிக்கொண்டு, "இப்ப ஒண்ணுமே கேக்கல. ஒரு மாதிரி வெறிச்சோன்னு இருக்குது" என்றான்.

அவளைத் தேடுகிறான். சாகச் சொன்னவளைத் தேடுகிறான். தீர்த்தம்மாளுக்குச் சுருக்கென்றது. ஆனால் எழுந்து போகவில்லை. "மஞ்சக் காட்டுல இன்னைக்கு எத்தன பாத்தி கட்டுனீங்க?" என்று கேட்டாள். அவன் சொன்னான். இன்னும் ஏதேதோ கேட்டாள். வெறிச்சென்று இருக்கிற இடத்தில் தன் குரலை இட்டு நிரப்பப் பார்ப்பதுபோல இருட்டும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நல்லம்பள்ளிக்கும் ஒரு முறை போனாள். ராணியம்மாள் ஒரு களத்தில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். தீர்த்தம்மாள் எதிரில் உட்கார்ந்து நடந்ததெல்லாம் சொல்லி, "தப்பு என்மேலதான்" என்றாள். ராணியம்மாள் உரிப்பதை நிறுத்தவில்லை. "அன்னைக்கு அத்தன பேருக்கு முன்னால இழுத்த. இங்க வந்து தனியாச் சொல்ற" என்றாள். ஊர் திரும்பியதும் தீர்த்தம்மாள் அந்தக் கொட்டகைப் பெண்களிடம் போய், எல்லார் முன்னாலும் அதையே மறுபடி சொன்னாள். அது ராணியம்மாள் காதுக்குப் போனதா என்று தெரியாது. அவள் கடத்தூர் பக்கம் திரும்பவில்லை.

எல்லாம் அத்தோடு நேராகிவிடவில்லை. கை நடுக்கம் பிடிக்காமல் மாதேஸ்வரன் மாத்திரையை யாருக்கும் தெரியாமல் கூரை எரவாணத்தில் செருகிவைத்த காலம் ஒன்று வந்தது. ஒரு மத்தியானம் மலைச் சாராய நாற்றத்தோடு வந்து படியில் உட்கார்ந்தான். குள்ளம்மாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "பாத்தியாடி, நாயி வாலு" என்று தொடங்கினாள். தீர்த்தம்மாள் அவளைக் கையமர்த்திவிட்டுப் புருஷனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். குடித்தீர்களா என்று கேட்கவில்லை.

"அவ வந்தாளா மாமா?"

அவன் ஆமாம் என்று தலையாட்டினான். அப்புறம் அவள் தோளில் சாய்ந்து அழுதான். அவள் உள்ளே போய் எரவாணத்தைத் துழாவி மாத்திரைகளை எடுத்தாள். மறுநாள் முதல் பஸ்ஸில் அவனைக் கூட்டிக்கொண்டு பெங்களூர் போனாள். டாக்டரம்மா மாத்திரையை மாற்றி, நடுக்கத்துக்கும் ஒன்று சேர்த்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு மாதாமாதம் போய் வந்தார்கள். குடி அடியோடு போய்விட்டது என்று அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. நல்ல காலம் நீண்டது, கெட்ட காலம் குறுகியது. ராமக்காள் பெரிய பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள்.

எழுபத்தெட்டில் அப்படி ஒரு முறை திரும்பி வரும்போது, கிருஷ்ணகிரியில் பஸ் நின்றது. சன்னலோரம் தீர்த்தம்மாள், நடுவில் மாதேஸ்வரன், அந்தப் பக்கம் காலியாக இருந்த இடத்தில் ஒரு இளம்பெண் கைக்குழந்தையோடு வந்து உட்கார்ந்தாள். நல்ல அழகி. குழந்தை அழுதுகொண்டிருந்தது. மாதேஸ்வரன் குனிந்து அதன் கையைத் தொட்டான்.

"என்ன கண்ணு, எதுக்கு அழுவற?" என்றான்.

குழந்தை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தது. அந்தப் பெண் சிரித்தாள். "உங்களப் பார்த்ததும் நிறுத்திட்டான் பாருங்க" என்றாள். "எந்த ஊருங்க நீங்க?" அவன் ஊரைச் சொன்னான். மஞ்சள் காட்டைச் சொன்னான். அவள் குழந்தைக்குக் காய்ச்சல் என்றாள். அவன் என்ன மருந்து கொடுத்தாய் என்று கேட்டான். பேச்சு காரிமங்கலம் தாண்டியும் ஓடிக்கொண்டிருந்தது.

தீர்த்தம்மாளுக்கு வயிற்றுக்குள் அந்தப் பழைய எரிச்சல் கிளம்பியது. அவள் அந்தப் பெண்ணை எட்டிப் பார்த்தாள். மூக்குத்தி இருந்தது. கழுத்தில் வேர்வை இருந்தது. பஸ் குலுங்கியபோது அவள் வளையல் சத்தம் போட்டது. பேசினால் பதில் பேசுகிற, பஸ் நின்றால் இறங்கிப் போகிற ஒரு பொம்பளை.

இரண்டு கிலோமீட்டர் பொறுத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்றாள்.

"மாமா, நீங்க சன்னலுக்கு வாங்க. எனக்குக் காத்து ஒத்துக்கல."

அவன் நகர்ந்துகொண்டான். தீர்த்தம்மாள் இருவருக்கும் நடுவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, "குடும்மா கொழந்தைய, நான் கொஞ்ச நேரம் வெச்சிருக்கறன்" என்று கையை நீட்டினாள்.